வெயில்தான் என்றார்கள்

தலைவலி என்றால் வேலூர்ப் பக்கம் எல்லோருக்கும் ஒரே பதில்:
வெயில்.
பன்னிரண்டு வருஷம் நானும்
வெயில் மேலேயே பழி போட்டேன்.

முதலில் வலி வராது. வெளிச்சம் வரும்.
இடது கண்ணோரம் ஒரு ஜிக்ஜாக் தையல்,
கம்பெனி மிஷின் போடுகிற மாதிரியே
பல் பல்லாய் மினுங்கி, வளைந்து,
எதிரில் நிற்கும் சூப்பர்வைசரின் பாதி முகத்தைத்
தைத்து மூடிவிடும்.
மீதி முகம் திட்டிக்கொண்டிருக்கும்.
இருபது நிமிஷம் கழித்துத்தான் வலி.

ஆஸ்பத்திரியில்
குலுக்கிய உப்புத் தண்ணீரைக் கையில் ஏற்றி
"முக்குங்கம்மா" என்றாள் அந்தப் பெண்.
ரெண்டு பிரசவத்துக்கு முக்கியது போதாதா?
முக்கினேன்.
திரையில் வலப்பக்கம் நிறைந்திருந்த குமிழ்கள்
போகக் கூடாத பக்கத்துக்கு
ஒவ்வொன்றாய் நழுவின,
ரயில்வே கேட் போட்ட பிறகும்
குனிந்து நுழைகிறவர்கள் மாதிரி.

அம்மா வயிற்றில் எல்லோருக்கும் இருக்கும் வழியாம்.
பிறந்த பிறகு மூடிக்கொள்ளுமாம்.
எனக்கு மூடவில்லை.
தில்ஷாத் என்றால் மனசு நிறைந்தவள்.
நிறைந்ததெல்லாம்
இத்தனை நாளும் கசிந்திருக்கிறது.

நான் செய்வதும் ஓட்டை வேலைதான்.
ஷூவுக்குக் கயிறு கோக்க
ஒரு ஷிப்டுக்கு நானூறு ஜோடி.
ஒன்று தள்ளி விழுந்தாலும்
ரிஜெக்ட் பெட்டியில் எறிவார்கள்.
நாற்பத்தொரு வருஷமாக
என்னை யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

அப்புறம் தலை.
கருகமணியைக் கழற்றி ஜுனைத் கையில் கொடுத்துவிட்டுக்
குழாய்க்குள் படுத்தேன்.
டக் டக் டக். பிறகு சுவரில் துளை போடுகிற சத்தம்.
அசையாதீங்க.
ஷிப்டில் இருப்பதாக நினைத்து ஜோடி எண்ணினேன்.
அறுபத்திரண்டில் நின்றுவிட்டது.

படத்தில் ஏழு வெள்ளைப் புள்ளி.
சுண்ணாம்பு அடிக்கும்போது தெறிக்குமே, அந்த அளவு.
இதயத்து ஓட்டை வழியாய் ஏதோ ஏறிப்போய் விழுந்ததா,
தலைவலியே விட்டுப்போன தடமா?
டாக்டர் பேனாவை மூடினார். திறந்தார்.
"இருக்கலாம்" என்றார்.
எது இருக்கலாம் என்று சொல்லவில்லை.
ஓட்டையை அடைத்தால் வலி நிற்குமா?
"சிலருக்கு நின்னிருக்கு. எல்லாருக்கும் இல்ல."
அவரை எனக்குப் பிடித்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம்தான் கிடைத்தது.
சத்துவாச்சாரி. பெருமுகை.
கவரை மடிக்காதே என்றான் ஜுனைத்.
மடிக்கவில்லை.
"எக்ஸ்ரேவா?" என்று கேட்டுக்கொண்டே
கண்டக்டர் மூன்று ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார்.
பூட்டுத்தாக்கு தாண்டும்போது
வெயில் நேராய்க் கண்ணில் அடித்தது.
கவரிலிருந்து மூளையை உருவி
ஜன்னலுக்கு மறைவாகப் பிடித்தேன்.
நன்றாகத்தான் மறைத்தது.
அந்த ஏழு இடத்தில் மட்டும்
ஊசிமுனை ஊசிமுனையாய்
வெயில்.