முழங்கை மடிப்பு

காலை எட்டு மணி. ஊலு நகரம், நவம்பர்.
குளிர்பெட்டியில் வந்த குழாயைத்
தலைகீழாக்கி, நிமிர்த்தி, மறுபடி தலைகீழாக்கி
எட்டு முறை. கைப்பழக்கம்.
ஏழரை மில்லி இரத்தம்.
ஒட்டுத்தாளில் பெயரில்லை: 0319.
பெண், ஐம்பத்தெட்டு வயது.
அறுவை முடிந்து மூன்று ஆண்டு.
கடைசி ஸ்கேனில் ஒன்றுமில்லை.

சில்லு என் கட்டைவிரல் நகத்தளவு.
வெறுங்கண்ணுக்கு அது கண்ணாடித் துண்டு,
எலெக்ட்ரான் கண்ணுக்கு
ஊசியிலைக் காடு.
ஒரு தலைமயிரின் குறுக்களவுக்குள்
ஐந்நூறு சிலிக்கான் கம்பங்கள் வரிசைகட்டி நிற்கும்.
கம்பத்தின் நுனியில் ஒரு பசை,
அதற்குச் சிவப்பணுவைத் தெரியாது, வெள்ளணுவை மதியாது;
மார்பிலோ குடல்சுவரிலோ குடியிருந்து
சொல்லாமல் கிளம்பி வந்ததை மட்டும் பிடிக்கும்,
கம்பளிக் காலுறையை
ஒட்டுமுள் பிடிப்பதுபோல.

மணிக்கு ஒரு மில்லி. அதற்குமேல் விரட்டினால்
பிடித்ததும் நழுவும்.
பம்பு முனகுகிறது.
நான் ரொட்டி தின்கிறேன்,
குளிர்கால டயர் மாற்றியாயிற்றா என்று
கணவன் கேட்டதற்குப் பதில் போடுகிறேன்.
மூவாயிரத்தைந்நூறு கோடிச் சிவப்பணுக்கள்
ஒரு வார்த்தை பேசாமல்
கழிவுக் குப்பிக்குப் போகின்றன.

மூன்று மணிக்கு வெளிச்சம் கடையைக் கட்டியது.
சாயம். கழுவல். மறுபடி சாயம்.
நீலமாய் எரிபவை உட்கருக்கள்.
கூடவே சிவப்பு எரிந்தால் வெள்ளணு, விட்டுவிடலாம்.
பச்சை எரிந்து சிவப்பு எரியாவிட்டால்
அதுதான்.

ஒன்று.
கட்டம் கட்டமாக நகர்ந்தேன்.
இரண்டும் மூன்றும் ஒட்டிக்கொண்டு,
படகைவிட்டு இறங்கிய அக்காள் தங்கைபோல.
நான்காவது ஓரத்தில், தனியே,
ஒரு பக்கம் நீண்டு,
கம்பத்தில் விரல்வைத்துச் சூடு பார்ப்பதுபோல.
அழகாக இருந்தது என்று எழுத
அட்டவணையில் இடமில்லை.
இருந்தது.

ஆய்வு நெறி, ஆறாம் பத்தி:
இது ஆராய்ச்சி, நோயறிதல் அல்ல.
முடிவு நோயாளிக்கோ மருத்துவருக்கோ தெரிவிக்கப்படாது.
எழுதியவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை.
நான்கு என்றால் என்ன அர்த்தமென்று
இன்னும் எங்களுக்கே தெரியாது;
தெரிந்துகொள்ளத்தான் நானூறு பெண்கள்
கை நீட்டியிருக்கிறார்கள்.
இரத்தத்தின் சுழலில் அவை கிழிந்து சாகும்,
பெரும்பாலும்.
அந்தச் சொல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு
பேருந்தேறினேன்.

வியாழன் மாலை, நீச்சல்குளத்து சௌனா.
பெண்கள் பக்கம். மூன்று படி மரப்பலகை.
உடுப்பும் உத்தியோகமும் வெளியே கொக்கியில்.
இப்போதெல்லாம் நான் முகங்களைப் பார்ப்பதில்லை,
முழங்கை மடிப்புகளைப் பார்க்கிறேன்.

மேல்படியில் ஒருத்தி.
வலமார்பு இருந்த இடத்தில்
நூல்பிடித்தாற்போல் வெள்ளைத் தழும்பு.
இடக்கை மடிப்பில்
மஞ்சளாகிவரும் நாணயமளவு கன்றல்.
முய்க்கு மீன் விலையைத் திட்டிக்கொண்டிருந்தாள்,
சந்தையில் எவனோ உர்ஹோ என்பவன்
தராசில் விரல் வைக்கிறானாம்.

கொலஸ்ட்ராலுக்கு எடுத்ததாக இருக்கலாம்.
இரும்புச்சத்துக்கு இருக்கலாம்.
இரண்டு லட்சம் பேர் இருக்கும் ஊரில்
இவள்தான் 0319 என்று எந்தச் சட்டம்?
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது.

அகப்பை என் கைக்கு எட்டும் இடத்தில்.
"தண்ணீர் ஊற்றட்டுமா?"
"நான்கு ஊற்று" என்றாள்.
"மூன்றெல்லாம் எனக்கு உறைக்காது."

ஊற்றினேன். கல் சீறியது.
ஆவி எழுந்து அவளை மூடியது, பிறகு என்னையும்.
யாரும் யாரையும் பார்க்கமுடியாத அந்த அரைநிமிடம்
எண்ணிக்கொண்டே இருந்தேன்,
எதை என்று தெரியாமல்.

ஆவிக்குள்ளிருந்து அவள் குரல்:
"அப்பாடா."

நாளை எட்டு மணிக்கு 0320.