நடுவில் அகப்பட்டது

ராணிப்பேட்டை சிப்காட், மூன்றாம் தெரு.
தகரக் கூரைக்குக் கீழே ஓர் இரும்புப் பெட்டி.
அதன் கண்ணாடி நான் வேலைக்குச் சேரும் முன்பே
அரிசி களைந்த தண்ணீர் நிறம்.

இரண்டு துளைகளில் இரண்டு ரப்பர் கைகள்.
என் கைகளை அவற்றுக்குள் விட்டு
மிதியை அழுத்தினால்
கடுகளவு எஃகுக் குண்டுகளும் துத்தநாகப் பொடியும்
ஒரே மூச்சில் பாயும்.
குண்டு மோதும். திரும்பும்.
இடையில் அகப்பட்ட பொடி
நசுங்கி, போல்ட்டின் தோலாகும்.
அவ்வளவுதான்.
தீ இல்லை, அமிலத் தொட்டி இல்லை,
பின்பக்க ஓடையில் மஞ்சள் தண்ணீர் இல்லை.
மஞ்சள் தண்ணீர் பக்கத்துக் கம்பெனி.
அது வேறு கதை.

புதிதாக யார் வந்தாலும் கோதண்டராமன் சார் சொல்வார்:
"அடி வாங்கினாத்தாம்மா மினுமினுப்பு."
ஆறு மாதம் நானும் தலையாட்டினேன்.
பிறகு ஒரு மே மாதம்,
வெளியே நூற்றெட்டு டிகிரி,
உள்ளே எவ்வளவு என்று அளந்தவர் இல்லை,
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
அடித்த குண்டு சல்லடையில் விழுந்து
மறுபடி வேலைக்கு வந்துவிடுகிறது.
அடி வாங்கிய போல்ட் லாரி ஏறி ஓசூர் போகிறது.
பொடியைத்தான்
மாதாமாதம் இரண்டு மூட்டை
புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது.
சாரிடம் சொல்லவில்லை.
அன்று சம்பள நாள்.

நேற்று ஆய்வுக்கு வந்தவர்
போல்ட்டின் மேல் செலோடேப் ஒட்டி
கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து
வெடுக்கென்று பிடுங்கினார்.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
ஒரு துகள் இல்லை.
"பாஸ்."
ஷிப்டு முழுவதற்கும் ரோஸ்மில்க்.
டேப் சுருளை மேசையிலேயே மறந்து போனார்.

மேல்விஷாரம் பஸ், ஜன்னலோரம்.
பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது
மணிக்கட்டில் ஒரு துண்டு ஒட்டிப் பிடுங்கினேன்.
வந்தது.
சாம்பல் நிறத்தில் தோலின் கட்டங்கள்,
மயிர் இரண்டு,
கைக்கடிகாரப் பட்டை மறைத்த இடம் மட்டும் வெறுமை.
"வலிக்கலையா ருகையா?" என்றாள் ஷாகிரா.
"நெஞ்சுக்குள்ள ஒட்டிப் பாக்குற டேப்பு
எந்தக் கடையில விக்கிறான்?" என்று
அவளே சிரித்தாள்.
அடுத்த நிறுத்தம் வரை இருமினாள்.

என்மேல் யாரும் அடித்து ஏற்றவில்லை அதை.
கிழிந்த கையுறை வழியே
தானாக வந்து உட்கார்ந்தது.

இன்று காலை வேலைக் குறிப்பேட்டில்,
நேற்றைய 'பாஸ்' வரிக்கு நேர் கீழே,
அந்தத் துண்டை ஒட்டினேன்.
பக்கத்தில் எழுதினேன்:
கையுறை, வலது. கேட்டு ஒன்பது நாள்.