ஓவர்டைம்

கார்கில் சண்டை நடந்த கோடையில்
அருவங்காட்டு ஆலைச்சங்கு
ராத்திரியிலும் ஊதியது.
அப்பா இரண்டு ஷிஃப்ட் பார்த்தார்.
வெடிமருந்துச் சகவாசம் அப்படி:
ஒருநாள் விலகினால் உடம்பு மறந்துவிடும்,
திங்கட்கிழமை மண்டை பிளக்கும்.
அதனால் ஞாயிறு பூராவும்
வேலைத் தொப்பியைக் கழற்றமாட்டார்,
தங்கை ஞானஸ்நான விருந்தில்கூட.

அந்த ஓவர்டைமில்
தகரக்கூரை கான்கிரீட் ஆனது,
குளிக்க வெந்நீர் குழாயில் வந்தது,
ஊட்டியில் எனக்கு பி.ஃபார்ம்.

கான்கிரீட் காய்வதற்குள்
மேல்ஹட்டிக்கு மாதன் வந்தான்,
வெலிங்டனிலிருந்து ராணுவ லாரியில்,
கொடி போர்த்தி.
ஊரே போனது.
அப்பா தலைவலி என்று படுத்துக்கொண்டார்.

இப்போது குன்னூர் பெட்ஃபோர்டில் என் மருந்துக்கடை.
மாதம் பிறந்தால் பெள்ளியக்கா வருவாள்,
மகனின் பென்ஷனை
வெள்ளைத் துணி முனையில் முடிந்துகொண்டு.
நெஞ்சடைத்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை.
உள்ளே இருப்பது
அப்பா கலக்கிய அதே நைட்ரோகிளிசரின்,
ஊசிமுனையளவு.
வகுப்பில் அதைப் படித்த அன்று
எனக்குச் சோறு இறங்கவில்லை.
மாதனைச் சுட்ட மருந்தைக் கலக்கியவருக்கும்
எங்கேயோ ஒரு மகள்
படித்து முடித்திருப்பாள்.

அக்காவிடம் இதெல்லாம் சொன்னதில்லை.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டு
ஒவ்வொரு முறையும் அவள்தான் கேட்பாள்:
"அப்பனுக்கு அந்தத் தலைவலி தேவலையா?"
ரிட்டயராகிப் பதினோரு வருஷம்.
தொப்பி இன்னும் தலையில்தான்.
தேவலைக்கா என்கிறேன்.
ரசீது வாங்காமல்
மேட்டில் ஏறிப் போகிறாள்,
நின்று,
நின்று.