மூன்றாம் பொரிப்பு

முதல் பொரிப்பு ரோல்ஸுக்கு.
அதே எண்ணெயில் பின்னேரம் மீன் கட்லட்.
இரவு ஒன்பதுக்குப் பின்கதவைத் தட்டினால்
சவாஹிர் நானா என் தகரத்தில் ஊற்றித் தருவார்,
கறுப்பாய், இன்னும் சூடு ஆறாமல்,
அடியில் கறிவேப்பிலை, ரஸ்க் தூள், ஓர் இறாலின் மீசை.
காசு வேண்டாம் என்பார்.
"கானுக்குள்ள ஊத்தினா முனிசிப்பல்காரன் வந்து நிப்பான்.
நீ கொண்டு போ, பிள்ள."

வீட்டில் நீலப் பரல்.
மூன்று கிழமை அசைக்காமல் வைத்தால்
தண்ணீர் அடிக்குப் போகும்.
நான் அவசரக்காரி. பரல் எனக்குப் பொறுமை பழக்கியது
என்று எழுதலாம். பொய்.
மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

பிறகு தம்பியின் பழைய டெனிம் கால், நுனியில் முடிச்சு.
இரவு முழுக்கச் சொட்டும்.
விடிய, காய்ந்த தாச்சியில் ஒரு துளி விடுவேன்.
சடசடத்தால் இன்னும் ஈரம்.
பேசாமல் கிடந்தால் வானுக்கு ஆகும்.

டொல்பின் வான், எண்பத்தெட்டாம் ஆண்டு.
கருணாசேன பாஸ் சீற்றுக்குக் கீழே இரண்டாவது தாங்கி வைத்து
ரேடியேற்றரின் சுடுதண்ணீரைச் செப்புக் குழாயில்
எண்ணெய்க்குள் சுற்றவிட்டார்.
"டீசல்ல ஸ்டார்ட். ஊசி நடுவுக்கு வந்தா மாத்து.
நிப்பாட்ட முந்தி ரெண்டு நிமிசம் திரும்ப டீசல்.
மறந்தா, நாளைக்கு அம்மே எண்டு கத்தினாலும் எழும்பாது."
அவர் அரைத் தமிழில் சொன்னதை
நான் பிழைச் சிங்களத்தில் எழுதி முன்னால் ஒட்டினேன்,
பார்த்துச் சிரிக்கட்டும் என்று.

காலை ஆறேகால், பாமன்கடையில் முதல் பிள்ளை.
ஹவ்லொக் வீதியில் விசையைத் திருப்புவேன்.
எஞ்சினுக்கு ஒரு சின்ன விக்கல்.
பிறகு பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில்:
"அன்ரி, பசிக்குது."
சைலன்சரில் ரோல்ஸ் மணம்.
நாய்கள் டிக்மன்ஸ் வீதி முனைமட்டும் ஓடிவந்து
ஏமாந்து திரும்பும்.
வெள்ளியில் மச்சம் தொடாத தர்மினியின் தாய்
யன்னலால் கேட்டாள்: "மரக்கறி எண்ணெய்தானே?"
ஓமென்றேன்.
இறாலின் மீசையைச் சொல்லவில்லை.

டீசல் வரிசை திம்பிரிகஸ்யாய தாண்டி வளைந்த மாதங்களில்
முச்சக்கர வண்டிக்குள் படுத்திருந்தவர்களைக் கடந்து
மணத்தோடு போனேன்.
"அக்கா, வடை எங்க?" என்று ஒருவன் கத்தினான்.
ஹோர்ன் அடித்தேன், இரண்டு தரம்.
திமிர் கொஞ்சம் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியொரு இரவு
பின்கதவில் எனக்கு முன்னால் ஒருவர்.
மடிப்புக் கலையாத சேட், தோளில் ஒஃபிஸ் பை,
கையில் கழுவித் துடைத்த ஜாம் போத்தல்.
நானா என் தகரத்திலிருந்தே அதற்குள் ஊற்றினார்,
என்னைப் பாராமல்.
கூட்டாளி கிடைத்த சந்தோஷத்தில் கேட்டேன்,
"என்ன வாகனம்?"

அவர் மூடியைத் திருகினார்.
மரை பிடிக்கவில்லை. மறுபடி திருகினார்.
"வாகனம் இல்ல," என்றார்.
"முட்டை ஒண்டு இருக்கு."

நான் ஏதும் சொல்லியிருக்கலாம்.
இரண்டு தரம் கொதித்தது, கசக்கும், நெஞ்சுக்குக் கூடாது.
எல்லாம் தெரியும் எனக்கு,
அந்தப் பரலோடு குடும்பம் நடத்துகிறவள்.
அவருக்கும் தெரிந்திருக்கும்.
முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மூடினார்.
ஒரு முட்டை. எத்தனை பேருக்கு என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் விசையைத் திருப்பவில்லை.
மாதக் கடைசிக்கென்று வைத்திருந்த டீசலில்
முழு வழியும் போனேன். வீண் செலவுதான்,
யாருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை அதனால்.
பிள்ளைகள் மணத்தைக் காணாமல்
ஆளையாள் பார்த்தார்கள்.
ஒரு நாய் மட்டும், பழக்கத்தில்,
டிக்மன்ஸ் முனைவரை வந்தது.