எழுபத்தொன்று புள்ளி நான்கு

முடிவு வெள்ளிக்கிழமை வந்தது,
ராஜாக்கமங்கலத்தில் கரண்ட் போயிருந்த நேரம்.
ஒரே ஒரு கோடு சிக்னலில்
அந்தப் பட்டியல் திறக்க நாலு நிமிடம்.

நாடு முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள்.
எடுத்தது பத்து.
எங்களுக்கு எழுபத்தொன்று புள்ளி நான்கு.
பத்தாவது ஆளுக்கு
எழுபத்தொன்று புள்ளி ஆறு.

அந்தப் புள்ளி இரண்டை எங்கே விட்டோம் என்று
ரெக்சலின் கணக்குப் போட்டாள்
பழைய வரைபடத் தாளின் பின்பக்கத்தில்.

மதிப்பீட்டாளர்கள் மூவர்.
முதலாமவர்: இதுவரை யாரும் கேட்காத கேள்வி.
இரண்டாமவர்: எல்லாரும் எப்போதோ கேட்டு முடித்த கேள்வி.
மூன்றாமவர் கேள்வியைத் தொடவில்லை,
பக்கத்தில் விமான நிலையம் இல்லை என்று எழுதியிருந்தார்.

கேள்வி இதுதான்.
கடியப்பட்டினம் பாறையில்
ஆனி ஆடி அலை அடிக்கிற அடியில்
சிப்பி எப்படி விடாமல் ஒட்டிக்கிடக்கிறது?
மயிரிழை போல் நூல், நுனியில் ஒரு பொட்டுப் பசை.
கடையில் வாங்குகிற பசைக்கெல்லாம்
முதலில் காய்ந்த இடம் வேண்டும்.
இதற்கு வேண்டாம்.
அறுத்த ஈரத் தசையை ஒட்டலாம்,
படகின் ஓட்டையை நீருக்குள்ளேயே அடைக்கலாம்.

இருநூற்று நாற்பது பக்கம் எழுதினோம்.
'சமூகப் பயன்' கட்டத்துக்கு ஐந்நூறு எழுத்துதான்,
இடைவெளியும் எழுத்தாம்.
ஐந்தரைக்கு மூடுகிற இணையவாசல்
ஐந்து இருபத்தெட்டுக்குச் சொன்னது,
பதிவாளர் கையெழுத்து மங்கல் என்று.
தாணுலிங்கம் திருநெல்வேலிக்கு பஸ் ஏறி
இரண்டு நாள் நின்று வாங்கிய கையெழுத்து.

நேர்காணல் பத்து நிமிடம், திரையில்.
குழுவில் ஒருவர் குடும்பத்தோடு கன்னியாகுமரி வந்தவராம்.
சூரியோதயம் பார்க்க முடியவில்லை, மேகமூட்டம்.
அந்த மேகம் கலைய ஒன்றரை நிமிடம் ஆனது.

மார்ச் முப்பத்தொன்றோடு
ரெக்சலினுக்கு உதவித்தொகை நிற்கிறது.

திங்கள்கிழமை பெங்களூரிலிருந்து அழைத்தார்கள்,
பட்டியலில் மூன்றாவது.
கனிவான குரல். நிஜமான கனிவு,
அதைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.
"எங்களுக்கும் சிப்பிதான், ஆனால் இங்கே கடல் இல்லை.
உயிரோடு இருபது கிலோ கிடைக்குமா?
நன்றியுரையில் உங்கள் ஆய்வகத்தின் பெயர் வரும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
யோசிக்கவில்லை. அடுத்த மூச்சிலேயே
ஒரு பெண்ணுக்கு அங்கே இடம் இருக்குமா என்று கேட்டேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் ஏசி சத்தம்.
இருக்கும் என்றார்.

வியாகுலம் விடியக்காலம் முங்கினார்,
கண்ணாடி, உளி, இடுப்பில் வலைப்பை.
பிய்க்காமல், நூலோடு சுரண்டணும் என்று சொல்லியிருந்தேன்,
அதற்குக் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடுதல்.
கரையேறி, காதிலிருந்த தண்ணியைத் தட்டிக்கொண்டே கேட்டார்:
"சர்க்காரு எத்தற தந்து, டீச்சரே?"
எழுபத்தொன்று புள்ளி நாலு.
"கோடியா?"
மார்க்கு.
"அப்பம் பாஸுதானே?"

நாகர்கோவில் ஜங்ஷன் பார்சல் ஆபீஸில்
பொருளின் மதிப்பு என்ற இடத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார் எழுத்தர்.
வியாகுலத்துக்குக் கொடுத்த தொகையைச் சொன்னேன்.
அந்த இருபதையும் சேர்த்து.

தெர்மாகோல் பெட்டியின் ஓரமெல்லாம் கடல் கசிந்தது.
டேப் பிடிக்கவில்லை.
துப்பட்டாவால் துடைத்துத் துடைத்து ஒட்டினாள் ரெக்சலின்,
ஒட்ட ஒட்ட விட்டது.
மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள்.
உள்ளே அதற்குள்
ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன.

வண்டிக்கு இன்னும் இருபது நிமிடம்.
தாணுலிங்கம் கயிறு வாங்க வெளியே ஓடினான்.