ஓட்டைக்கு

தன் போட்டு வயர்லெஸ்ஸுக்குப்
பெட்டி கேட்டார் தூத்தூர் ததேயு.
"திரை ஏறி மிதிச்சாலும்
ஒரு சொட்டு உள்ள போவப்பிடாது, கேட்டியா."

நாலு மில்லி அலுமினியம்.
ஆர்கான் தீருமுன் எட்டு விளிம்பும் பற்றவைத்தேன்.
மூடிக்கு ரப்பர் வளையம்,
பதினாறு போல்ட், எதிரெதிராய் முறுக்கி.
வயர் நுழைய பித்தளைக் கழுத்து.

குளச்சல் கடலையே மொண்டு வந்து டிரம்மில் ஊற்றி
கருங்கல் ஏற்றி அமுக்கினோம்.
உள்ளே, சாட்சிக்கு,
ஷெர்லின் கிழித்துப் போட்ட காலண்டர் தாள்.

விடியும்வரை ஒரு குமிழி எழவில்லை.

திறந்தால்
மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தது.
ஜூன் ஏழு நனைந்து கிடந்தது.

ததேயு விரலால் வழித்து நாக்கில் வைத்தார்.
இன்னொரு முறை வைத்தார்.
"உப்பில்லியே டே."

கடல் வரவில்லை.
மழை விட்ட மத்தியானம் நாங்கள் மூடியபோது
வெளியேறாமல் நின்றுவிட்ட
பட்டறைக் காற்றுதான்.

அடியில் துளை போட டிரில்லை எடுத்தேன்.
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.
பிறகு விட்டார்.

நீரை மறித்து
காற்றை மட்டும் விடும் வெள்ளைச் சவ்வு,
சட்டைப் பொத்தான் அளவு.
திருகி இறுக்கினேன்.

நானூறு ரூபாய்.
பில்லில் அதைத் தனியாக எழுதச் சொன்னார்:
ஓட்டைக்கு.