ஏழாம் வேற்றுமை

ஓநாய்ச் சிலந்தியை அடையாளம் காண
முகத்தைப் பார்த்தால் போதும்.
கீழ்வரிசையில் நான்கு சிறு கண்,
அதன் மேல் இரண்டு பெருங்கண்,
பின்னால் தள்ளி இன்னும் இரண்டு.
இரவில் டார்ச்சை நெற்றியோடு பிடித்துப்
புல்வெளியில் நின்றால்
பச்சையாய்த் திருப்பி மின்னும்.
அது குடும்ப லட்சணம்.

கவாய் தீவில், கோலோவாவுக்கு வெளியே,
கரும்பு ஒழிந்த நிலத்தைக் கோல்ஃப் திடலாக்க
மண் தள்ளிக்கொண்டிருந்தார் ருஃபினோ அக்பயானி.
புல்டோசருக்கு அடியில்
நிலம் கொஞ்சம் இருமியது.
இறங்கிப் பார்த்தார். ஓட்டை.
நனைந்த துணியை முகத்தில் போட்டாற்போல் காற்று.
சொன்னால் வேலை நிற்கும், கூலி போகும்.
சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.
சாப்பிட்டு, கை கழுவி,
அப்புறம் போய்ச் சொன்னார்.

அந்த எரிமலைக் குழாய்க்குள்
வயிற்றால் ஊர்ந்து போனவள் கேஹாவ்.
முழங்கையில் ரத்தம். சிவப்பு விளக்கு.
சட்டைக்குள் மடித்த படிவம்.
மூன்றாவது மணி நேரத்தில்
கூரை பிளந்து இறங்கிய வேர் ஒன்றின் மேல்
வெளிறிய வயிறு, ஆரஞ்சுக் கால்கள்
(அந்த இருட்டில் யாருக்குக் காட்ட அந்த நிறம்?),
வாயில் கவ்விய முட்டைப் பை.
மேலே வெயிலில் இருக்கும் உறவுக்காரர்கள்
பையைப் பின்னால் ஒட்டி இழுத்துப் போவார்கள்.
விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.
அசையவில்லை.
மூச்சு விட்டாள்.
திரும்பியது.

வகுப்பு: அரக்னிடா.
குடும்பம்: லைகோசிடே.
பேரினம்: அடெலோகோசா.
அதில் வேறு ஆளில்லை, தனிக்குடித்தனம்.
சிற்றினம்: அனாப்ஸ்.
கண்கள், வரிசைவாரியாக:

பென்சில் நின்றது.
மூன்று கட்டத்திலும் பூஜ்யம் போட்டாள்.
ஒவ்வொரு பூஜ்யமும்
பார்ப்பதற்குக் கண் மாதிரியே இருந்தது.

கண்ணை வைத்துச் சேர்த்த குடும்பத்தில்
கண் போனபின்னும் பெயரை அடிக்கவில்லை.
நகமும் மயிரும் சாட்சி சொல்லியிருக்கும்.
அட்டையிலிருந்து பெயரை எடுக்க
எங்கள் ஊர் தாலுகா ஆபீசில்
இதைவிடச் சின்னக் காரணம் போதும்.

இதை எழுத உட்கார்ந்தபோது
பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம் குறுக்கே வந்தது:
ஏழாம் வேற்றுமைக்கு உருபு, கண்.
'இருளின்கண் வாழ்கிறது' என்று எழுதினேன்.
பழைய நடைதான்.
ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை.

பதினான்காவது குழியை
நாற்பது கஜம் தள்ளித் தோண்டினார்கள்.
ருஃபினோவுக்கு அரை நாள் கூலி பிடித்தார்கள்.
ஓட்டைக்குக் கம்பிக் கதவு போட்டவரும் அவர்தான்.
சிலந்தியை அவர் இதுவரை பார்த்ததில்லை.